கம்ப்யூட்டருக்கு ஒரு திருகு குமிழ், வீட்டிலேயே செய்யலாம்

வால்யூம் ஏற்ற, வீடியோவை நகர்த்த என்று கம்ப்யூட்டரில் திருகுகிற குமிழ் புது சமாச்சாரம் இல்லை. கிரிஃபினின் பவர்மேட் 2001-லேயே வந்துவிட்டது, 2016-ல் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் டயலைச் சுமார் 100 டாலருக்கு விற்றது. அவ்வளவு காசு தேவையே இல்லை. ப்ரோ மைக்ரோ என்கிற, புரோகிராம் ஏற்றி ஓட்டும் குட்டி போர்டு ஒன்று, திருகுவதைச் சிக்னலாக மாற்றும் ரோட்டரி என்கோடர் ஒன்று, ஐந்து ஒயர், சாலிடரிங் அயர்ன் போதும்.

போர்டு விஷயத்தில் மட்டும் உஷார். ஆர்டுயினோ (இந்த மாதிரி குட்டி போர்டுகளின் குடும்பம்) என்றதும் எல்லோரும் உனோ மாடலைத் தூக்குவார்கள், ஆனால் ஆர்3 வரையிலான பழைய உனோவின் மெயின் சிப்பில் யூஎஸ்பி கிடையாது. ப்ரோ மைக்ரோவில் உள்ள ஏடிமெகா32யு4 சிப் கம்ப்யூட்டரிடம் தன்னையே கீபோர்டு என்று சொல்லிக்கொள்ளும், டிரைவர் வேண்டாம். 5 வோல்ட், 16 மெகாஹெர்ட்ஸ் வகையாகப் பார்த்து வாங்குங்கள், புரோகிராம் எழுதி ஏற்றுகிற ஆர்டுயினோ ஐடிஇ சாஃப்ட்வேரில் போர்டு 'லியனார்டோ' என்று தேர்ந்தெடுத்தால் அப்படியே ஓடும், 3.3 வோல்ட் போர்டில் அதே செட்டிங்கை ஏற்றினால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. கேபிளும் டேட்டா போகிற கேபிளாக இருக்கட்டும், சார்ஜ் மட்டும் ஏறுகிற கேபிளைச் செருகிவிட்டு போர்டைத் திட்டிப் பயனில்லை.

என்கோடர் கேஒய்-040 எங்கும் கிடைக்கும், ஐந்து கால்கள். பிளஸ் போர்டில் மின்சாரம் தரும் விசிசிக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு, சிஎல்கே பின் 2-க்கு, டிடி பின் 3-க்கு, அழுத்துகிற பட்டனின் எஸ்டபிள்யூ பின் 4-க்கு. 2, 3 இரண்டும் இன்டரப்ட் பின்கள், அதாவது சிக்னல் வந்ததுமே சிப்பைக் கவனிக்க வைப்பவை என்பதால் வேகமாகத் திருகினாலும் கணக்கு தவறாது. எதிர்த்திசையில் ஓடினால் அந்த இரண்டு ஒயரையும் மாற்றிப் போடுங்கள், முடிந்தது.

புரோகிராமில் சேர்க்க வேண்டிய லைப்ரரி (தயாராக எழுதி வைத்த கோடு) இரண்டு: திருகலை எண்ண 'என்கோடர்', கீ அனுப்ப 'எச்ஐடி ப்ராஜெக்ட்'. ஆர்டுயினோவோடு வருகிற சாதாரண கீபோர்டு லைப்ரரியில் வால்யூம் கீ கிடையாது, அதனால்தான் இரண்டாவது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். விரலுக்கு 'டிக்' என்று ஒருமுறை தட்டுப்படுவதை லைப்ரரி பொதுவாக 4 என்று எண்ணும். எண்ணிக்கை மாறும்போதெல்லாம் கீ அனுப்பினால், விண்டோஸில் ஒரு டிக்குக்கு 2 ஏற வேண்டிய வால்யூம் 8 ஏறிக் காதைக் கிழிக்கும். வந்த எண்ணை 4-ஆல் வகுத்து, ஈவு மாறினால் மட்டும் ஒரு கீ அனுப்புங்கள். ஒரு சுற்றுக்கு 20 டிக், ஆக 40 ஏறும், பூஜ்யத்திலிருந்து உச்சமான 100-க்கு இரண்டரைச் சுற்று. கைக்கு இது சரியான அளவு.

சரி, வால்யூமோடு நிறுத்திவிடாதீர்கள், அதற்கு கீபோர்டிலேயே பட்டன் இருக்கிறது. எஃப்13 முதல் எஃப்24 வரையிலான கீகள் சாதாரண கீபோர்டில் இல்லை, ஆனால் விண்டோஸுக்குத் தெரியும். எந்த ஷார்ட்கட்டோடும் மோதாது. இடப்பக்கம் திருகினால் எஃப்13, வலப்பக்கம் எஃப்14 என்று அனுப்பிவிட்டு, எந்த ஆப்பில் அது என்ன செய்ய வேண்டும் என்பதை விண்டோஸில் கீகளுக்கு வேலை ஒதுக்கும் ஆட்டோஹாட்கீ சாஃப்ட்வேரில் எழுதுங்கள்: வீடியோ எடிட்டரில் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்வது, பிரவுசரில் டேப் மாறுவது, இப்படி. போர்டை மறுபடி தொடவே வேண்டாம். வெட்ட வேண்டிய ஃப்ரேமைத் தேடி அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்த ஒரு வேலைக்காகவே குமிழ் வேண்டும். குமிழை அழுத்தினால் வால்யூமுக்கும் இதற்கும் மாறும்படி வைத்துக்கொள்ளலாம்; பட்டனின் பின்னைப் புரோகிராமில் இன்புட் புல்லப் முறையில் (அழுத்தாதபோது சிக்னல் அலைபாயாமல் நிற்கும்) வையுங்கள், ஒரு அழுத்தல் பதிவானதும் 50 மில்லி செகண்டுக்கு அடுத்ததைக் கண்டுகொள்ளாதீர்கள், இல்லையென்றால் ஒரே அழுத்தலை இரண்டாக எடுத்துக்கொள்ளும்.

புரோகிராமில் ஏதோ சொதப்பி போர்டு நிற்காமல் கீ அடித்துக்கொண்டே இருந்தால் பதற வேண்டாம். ஆர்எஸ்டி (ரீசெட்) காலையும் கிரவுண்டையும் ஒயரால் ஒருமுறை தொடவிடுங்கள், சில வகைக்கு அடுத்தடுத்து இரண்டுமுறை. சுமார் 8 செகண்ட் போர்டு சும்மா இருக்கும், அதற்குள் சரியான புரோகிராமை ஏற்றிவிடுங்கள்.

என்கோடரின் தண்டு 6 மில்லிமீட்டர், அதற்கேற்ற அலுமினியத் தொப்பி வாங்கிப் போட்டால் திருகவே சுகமாக இருக்கும். பெட்டி எதுவானாலும் சரி, அடியில் கனமான இரும்புத் துண்டு ஒன்றை ஒட்டி ரப்பர் கால் வையுங்கள், இல்லாவிட்டால் திருகும்போது பெட்டியும் சேர்ந்து சுற்றும். அப்புறம், ப்ரோ மைக்ரோவின் மைக்ரோ யூஎஸ்பி வாய் லேசாக இழுத்தாலே பெயர்ந்து வந்துவிடும். பெட்டியை மூடும் முன் அதைச் சுற்றி ஹாட் க்ளூ வைத்துவிடுங்கள்.