கழன்று விழாத காண்டம் கதீட்டரை வடிவமைக்கும் முறை

சிறுநீரை அடக்க இயலாத ஆண்களுக்கான கருவியை வடிவமைக்க முற்படுவோர் பெரும்பாலும், அது எத்தனை மில்லிலிட்டரைத் தாங்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆணுறுப்பின் மேல் உறைபோல் மாட்டி, சிறுநீரைக் குழாய் வழியே பைக்கு அனுப்பும் காண்டம் கதீட்டரின் முதன்மையான குறை கொள்ளளவு அன்று, கழன்றுவிடுவதே. நள்ளிரவில் நனைந்த படுக்கையில் விழிக்கும் முதியவருக்குப் பையில் எவ்வளவு இடம் மீதமிருந்தாலும் பயனில்லை.

யாருக்காகச் செய்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். புராஸ்டேட் அறுவைக்குப் பின் இருமும்போதும் எழும்போதும் சிறிதளவு கசிபவருக்கு உறிஞ்சும் பேடே போதுமானதாக இருக்கலாம். 24 மணி நேரத்தில் பயன்படுத்திய பேடுகளை எடைபோட்டு, உலர்ந்த எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் என்று கசிவின் அளவு கிடைத்துவிடும். பக்கவாதத்தாலோ பார்க்கின்சன் நோயாலோ கழிவறைக்குச் செல்லும் முன்பே சிறுநீர் முழுவதும் வெளியேறிவிடுபவருக்குத்தான் காண்டம் கதீட்டர் பெரிதும் உதவும். சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாதவருக்கு இது தீர்வாகாது என்பதைக் கையேட்டில் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அடுத்தது அளவு. சந்தையில் உறைகள் பெரும்பாலும் ஏறத்தாழ 25 முதல் 40 மில்லிமீட்டர் வரையிலான விட்டங்களில் கிடைக்கின்றன. வீட்டில் அளப்பவர் கையில் இருப்பதோ சுற்றளவு காட்டும் நாடா. 94 மில்லிமீட்டர் சுற்றளவு என்பது 30 மில்லிமீட்டர் விட்டம் என்ற கணக்கை அவர்மீது சுமத்தாமல், அளவுகளை நேரடியாகக் காட்டும் காகிதப் பட்டையைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பெரிய உறை கசியும், சிறியது இரத்த ஓட்டத்தை நெரிக்கும். நின்றபடி சரியாகப் பொருந்தும் உறை, உட்காரும்போது உறுப்பு உள்வாங்குவதால் கழலக்கூடும். ஆகவே நாற்காலியிலும், தரையில் சம்மணமிட்டும், ஒருக்களித்துப் படுத்தும் சோதித்துப் பார்க்க வேண்டும். உள்வாங்கும் உறுப்புக்கெனக் குட்டையான உறையொன்றைத் தனியே உருவாக்குவது, நீளமானதை வெட்டிப் பயன்படுத்தச் சொல்வதைவிட நேர்மையான வழி.

கழல்வதற்கு ஒட்டும் பசையையே பலர் குறை கூறுகிறார்கள். ஆனால் உறையின் நுனி முறுக்கிக்கொள்ளும்போது சிறுநீர் பின்னோக்கித் தேங்கி, பசைக்கும் தோலுக்கும் இடையே புகுந்து பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது. இன்னும் வலுவான பசையைத் தேடினால், கழற்றும்போது முதியவரின் மெல்லிய தோல்தான் உரியும். எனவே நுனியைத் தடித்த சுவருடன், மடங்கினாலும் மீண்டும் விரியும் குமிழ் வடிவில் அமையுங்கள். ஆண்களின் உச்ச சிறுநீர் ஓட்டம் நொடிக்கு 15 முதல் 25 மில்லிலிட்டர் வரை இருக்கும் என்பதால், குழாயை வளைத்துவைத்து, நொடிக்கு 25 மில்லிலிட்டர் வீதம் நீரைச் செலுத்தி, நுனியில் தேங்குகிறதா என்று பாருங்கள்.

மூலப்பொருள் பற்றி அதிகம் விவாதிக்க வேண்டியதில்லை: லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பதாலும், ஒளி ஊடுருவும் சிலிக்கோன் வழியே தோல் சிவப்பதைக் கழற்றாமலே காண முடிவதாலும் சிலிக்கோனே மேல்.

சிறுநீர் சேரும், காலில் கட்டும் பையின் திறப்பானை, ஒரு கை செயலிழந்தவர் மறு கையால் மட்டுமே இயக்க முடிய வேண்டும். அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது இருட்டிலும் விரலுக்குத் தெரிய வேண்டும். வேட்டியோ லுங்கியோ உடுத்துபவருக்குப் பையின் பட்டை தொடையிலிருந்து வழுக்கினால், நிறைந்த பையின் எடை முழுவதும் உறையை இழுக்கும்.