கோரிக்கையின் ஆயுளைக் கவனிக்காததால் நேரும் தவறுகள்

வலைச் செயலிகளைக் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க்கில் ஒரு பிழையைத் தேடும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருள் எப்போது பிறந்து எப்போது அழிகிறது? ஒரு பொருளுக்குத் தேவையான மற்றப் பொருள்களை ஃபிரேம்வொர்க்கே உருவாக்கிக் கொடுக்கும் ‘சார்பு உட்செலுத்தல்’ முறையில் நேரும் கடுமையான தவறுகளுள் பெரும்பாலானவை இக்கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருபவை.

ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங்கில் தனியாகக் குறிப்பிடாவிட்டால் ஒவ்வொரு பீனும் (ஸ்பிரிங் நிர்வகிக்கும் பொருள்) சிங்கிள்டன். அதாவது, அந்த ஒரே பொருளைத்தான் பயனர்களிடமிருந்து சர்வருக்கு வரும் எல்லாக் கோரிக்கைகளும் பகிர்ந்துகொள்கின்றன. அத்தகைய சர்வீஸின் ஃபீல்டில் (பொருளுக்குள் தரவை வைக்கும் மாறி) நடப்புப் பயனரின் விவரத்தை வைத்தால், ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்கள் (இணையாக ஓடும் வேலைகள்) அதைத் தொடும்போது ஒருவரின் தரவு இன்னொருவருக்குப் போய்விடும். எழுதியவர் தம் கணினியில் தனியாகச் சோதிக்கும்போது இது வெளிப்படாது என்பதுதான் இதன் ஆபத்து. மைக்ரோசாஃப்ட்டின் ஃபிரேம்வொர்க்கான ஏஎஸ்பி.நெட் கோரில் இதே தவறு வேறு வடிவில் வருகிறது: கோரிக்கை முடிந்ததும் அழிய வேண்டிய டிபிகான்டெக்ஸ்ட்டை (டேட்டாபேஸோடு பேசும் பொருள்) ஒரு சிங்கிள்டன், தான் உருவாகும்போது இயங்கும் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கிக்கொண்டால், அது செயலி நிற்கும்வரை அங்கேயே சிறைப்பட்டுவிடும். இதைக் கண்டுபிடித்து நிறுத்தும் ஸ்கோப் (பொருளின் ஆயுள் எல்லை) சோதனை இயல்பாக டெவலப்மென்ட் சூழலில் மட்டுமே இயங்குவதால், அதை மற்ற சூழல்களிலும் வெளிப்படையாக இயக்கிவைப்பது நல்லது. சிங்கிள்டனுக்கு டேட்டாபேஸ் உண்மையிலேயே தேவையென்றால், வேலை தொடங்கும்போது புதிய ஸ்கோப்பை உருவாக்கி, முடிந்ததும் மூடிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் கோரிக்கை அளவுக்குச் சுருக்கிவிடுவதும் தீர்வாகாது. நோட்.ஜேஎஸ்ஸுக்கான ஃபிரேம்வொர்க்கான நெஸ்ட்ஜேஎஸ்ஸில் ஒரு சர்வீஸை அப்படி மாற்றினால், அதைச் சார்ந்திருக்கும் கண்ட்ரோலர்வரை (கோரிக்கையைப் பெற்றுப் பதில் தரும் பகுதி) அனைத்தும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக உருவாக்கப்படும்.

ஆயுளைப் போலவே, கோரிக்கை கடந்துசெல்லும் வரிசையையும் கவனிக்க வேண்டும். அதே நெஸ்ட்ஜேஎஸ்ஸில் மிடில்வேர், கார்டு (அனுமதி உண்டா எனப் பார்ப்பது), இன்டர்செப்டர், பைப் (உள்ளீட்டைச் சரிபார்ப்பது அல்லது மாற்றுவது), அதன்பின் கண்ட்ரோலர் என்பதே வரிசை. சரிபார்ப்பு பைப்பில் நடப்பதால், கார்டுக்குள் படிக்கப்படும் உள்ளீடு இன்னும் சரிபார்க்கப்படாதது; அதை நம்பி அனுமதி வழங்குவது பெரும் பிழை. வேலிடேஷன் பைப்பில், அறிவித்த புலங்களை மட்டும் விட்டுவைக்கும் ஒயிட்லிஸ்ட் அமைப்பை இயக்காமல் விட்டால், நாம் அறிவிக்காத புலங்களும் உள்ளே வந்துவிடும். அந்தப் பொருளை அப்படியே சேமிக்கும் நிரலாளர், பயனர் தன்னையே நிர்வாகியாக்கிக்கொள்ளும் வாய்ப்பைக் கொடுக்கிறார். ஸ்பிரிங்கில், ஒரு பொருளுக்குள் இன்னொரு பொருள் இருந்தால், அதை வைத்திருக்கும் ஃபீல்டிலும் வேலிட் (@Valid) குறியீட்டை இடாவிட்டால் அதன் விதிகள் சோதிக்கப்படுவதில்லை.

மின்னஞ்சல் முன்பே பதிவாகியுள்ளதா என்பதைச் சரிபார்ப்பு நிலையில் மட்டும் பார்ப்பதும் போதாது. ஒரே கணத்தில் வரும் இரண்டு கோரிக்கைகள் இரண்டுமே ‘இல்லை’ என்ற விடையைப் பெற்றுத் தேறிவிடலாம். ஒரே மதிப்பு இருமுறை பதிவாவதைத் தடுக்கும் யுனிக் கட்டுப்பாடு டேட்டாபேஸில் இருந்தால்தான் இரண்டாவது பதிவு தடுக்கப்படும்.

பதில் அனுப்பிய பிறகு தொடரும் பின்னணிப் பணிக்கும் இதே கவனம் வேண்டும். கோரிக்கையோடு திறந்த டேட்டாபேஸ் செஷனை (டேட்டாபேஸுடனான தொடர்பு) அப்பணியிடம் கொடுத்தால், பணி தொடங்கும் முன்பே அந்தச் செஷன் மூடப்பட்டிருக்கலாம். பதிவின் அடையாள எண்ணை மட்டும் கொடுத்து, செஷனைப் பணியே தனக்கெனத் திறந்துகொள்ளும்படி எழுத வேண்டும்.