கோயஸ் செயற்கைக்கோள் படத்தில் ஸ்கேன் கோணத்தை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றும் முறை

அமெரிக்காவின் கோயஸ்-16 வானிலைச் செயற்கைக்கோள் 2017 டிசம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை கிழக்கு நிலையில் இயங்கி எடுத்த படங்கள், எவரும் இறக்கிக்கொள்ளும்படி நெட்சிடிஎஃப் என்னும் அறிவியல் தரவுக் கோப்புகளாகக் கிடைக்கின்றன. அந்தக் கோப்பைப் பைத்தானில் எக்ஸ்அரே நூலகம் கொண்டு திறந்ததும் அட்சரேகையைத் தேடுவோர் ஏமாறுவர். எக்ஸ், ஒய் என்னும் இரு அணிகளில் இருப்பவை, செயற்கைக்கோளின் கருவி பார்த்த திசையை ரேடியனில் குறிக்கும் ஸ்கேன் கோணங்கள்.

மாற்றத்திற்கு வேண்டிய எண்கள் அனைத்தும் கோப்பிலுள்ள புரொஜெக்ஷன் மாறியிலேயே உள்ளன: நிலநடுக்கோட்டிற்கு மேல் உயரம் 3,57,86,023 மீட்டர், மையத் தீர்க்கரேகை மேற்கு 75 பாகை (அதாவது −75.0), புவியின் வடிவத்தைக் குறிக்கும் நீள்வட்டகம் ஜிஆர்எஸ்80, ஸ்வீப் அச்சு (கருவியின் ஸ்கேன் அச்சு) எக்ஸ். இவற்றை ஸ்கிரிப்டில் கையால் எழுதாமல் கோப்பிலிருந்தே படிப்பது நல்லது. நாளை வேறொரு செயற்கைக்கோளின் கோப்பைக் கொடுத்தாலும் அதே ஸ்கிரிப்ட் ஓடும்.

ஆய மாற்றத்திற்கான பைபிராஜ் நூலகத்தில், புவிநிலைச் செயற்கைக்கோளின் பார்வைக்குரிய ஜியோஸ் புரொஜெக்ஷன் மீட்டரில் கணக்கிடுவதால், முதலில் இரு கோணங்களையும் உயரத்தால் பெருக்க வேண்டும். பிறகு, ஜியோஸிலிருந்து புவியியல் ஆயத்திற்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரை உருவாக்குகையில் 'ஆல்வேஸ் எக்ஸ்ஒய்' என்பதை 'ட்ரூ' என்று கொடுக்க வேண்டும். இல்லையேல் அட்சரேகை முதலில் வந்து, இரண்டும் இடம் மாறிவிடக்கூடும். படத்தின் மூலைகள் புவியைத் தாண்டிய வெளியைப் பார்ப்பதால் அங்கே முடிவிலி என்னும் மதிப்பு கிடைக்கும். வரைவதற்கு முன் அதை மறைத்துவிடுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ஸ்வீப் அச்சைத்தான். ஜப்பானின் ஹிமவாரிக்கும் ஐரோப்பாவின் மீட்டியோசாட்டிற்கும் அது ஒய், கோயஸுக்கு எக்ஸ். பைபிராஜில் இதைக் குறிப்பிடாவிட்டால் ஒய் என்றே எடுத்துக்கொள்ளப்படும், பிழைச் செய்தி எதுவும் வராது, படமும் பார்ப்பதற்குச் சரியாகவே தோன்றும். ஆகவே தெரிந்த ஒரு புள்ளியை வைத்துச் சோதித்துப் பார்க்காமல் எந்த ஸ்கிரிப்டையும் நம்ப வேண்டாம். எக்ஸ் −0.024052, ஒய் 0.095340 என்று கொடுங்கள்: பெருக்கியபின் ஏறத்தாழ −8,60,725 மீட்டரும் 34,11,839 மீட்டரும் வரும், விடை அட்சரேகை 33.846, தீர்க்கரேகை −84.691, அதாவது ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவுக்கு அருகே. ஸ்வீப் அச்சை மாற்றிக் கொடுத்தால் இதே புள்ளி கிழக்கு மேற்காக 2 கிலோமீட்டர் படத்தில் ஏறத்தாழ இரண்டு பிக்சல் நகர்ந்திருக்கும்.

எதிர்த்திசையிலும் இதே டிரான்ஸ்ஃபார்மர் உதவும். ஓர் ஊரின் ஆயத்தை மீட்டராக்கி, உயரத்தால் வகுத்தால் கோணம் கிடைக்கும். புவியின் முழு வட்டையும் காட்டும் 2 கிலோமீட்டர் படத்தில் பிக்சலுக்கு 0.000056 ரேடியன், முதல் பிக்சலின் எக்ஸ் −0.151844, ஒய் 0.151844. முதல் பிக்சலின் கோணத்துக்கும் புள்ளியின் கோணத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிக்சலின் கோண அளவால் வகுத்தால், மேற்கண்ட புள்ளி சுழியிலிருந்து எண்ணும்போது 1009-ஆவது வரிசையில் 2282-ஆவது நெடுவரிசையில் அமையும். ஒய் மேலிருந்து கீழே குறைந்துகொண்டு வருவதால் கழித்தலின் வரிசையில் கவனம் தேவை.

இவ்வளவும் சரியாக வந்தபின்னும், இந்த ஆயங்கள் தரைமட்டத்திற்கு உரியவை என்பது நினைவில் இருக்கட்டும். அட்லாண்டா அருகே 12 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் இடிமேகத்தின் உச்சி, செயற்கைக்கோள் சாய்வாகப் பார்ப்பதால், தன் உண்மையான இடத்திலிருந்து வடக்கே, சற்று மேற்காகச் சுமார் 10 கிலோமீட்டர் தள்ளிப் பதிவாகும். ரேடார் தரவுடன் ஒப்பிடுவோர் இந்த விலகலைத் தனியே திருத்த வேண்டும்.