மழைக்காலத்தில் ஸ்டார், சீரியல் லைட்: வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்தால் நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை வீட்டுக்கு வீடு ஸ்டார் ஏறிவிடும். வடகிழக்குப் பருவமழை அப்போதும் விட்டிருக்காது. நனைந்த சன்ஷேடு மேலேயே சீரியல் லைட் ஓடும். வேலை பழக வரும் பையன்கள் வருடா வருடம் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். மெயினை இறக்காமல் கை வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

ஆர்சிசிபியை டைரக்ட் பண்ணுவது

மழை பெய்தால் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அறுக்கும் சுவிட்ச், டிரிப் ஆகிறது என்று வீட்டுக்காரர் கூப்பிடுவார். பையன் போய் வெளி லைனின் எம்சிபியை, அதாவது ஓவர்லோடோ ஷார்ட்டோ வந்தால் அந்த லைனை அறுக்கும் சுவிட்சை, இறக்கிப் பார்ப்பான். அப்போதும் ஆர்சிசிபி ஆனில் நிற்காது. "ஆர்சிசிபி போச்சு அண்ணாச்சி" என்று அதிலிருந்த வயர்களை வெளியே எடுத்து ஒன்றோடொன்று முறுக்கி, ஆர்சிசிபியே இல்லாமல் டைரக்ட் பண்ணி, டேப் சுற்றிவிட்டு வந்துவிடுவான். இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

குளச்சல் பக்கம் ஒரு வீட்டில் மாடிப்படியின் ஸ்டீல் கைப்பிடியைத் தொட்டால் விறுவிறுவென்று இழுக்கிறது என்றார்கள். இந்த சுவிட்சுகள் இருக்கும் பெட்டியான டிபியைத் திறந்தால் இதே முறுக்கல். மேலே சீரியல் வயரைக் கட்டுக்கம்பியால் கைப்பிடியோடு இறுக்கியிருந்தார்கள். கம்பி அழுத்திய இடத்தில் தோல் கிழிந்து செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. பிள்ளைகள் பிடித்து ஏறுகிற கைப்பிடி அது.

பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் ஆர்சிசிபி பார்க்கிறது. வீட்டில் போடுவது 30 மில்லி ஆம்பியர். வித்தியாசம் அந்த அளவை எட்டுவதற்குள் அறுத்துவிடும். 6 ஆம்பியர் எம்சிபிக்கு இந்தக் கசிவு தெரியவே தெரியாது. ஆனால் 100 மில்லி ஆம்பியர் உடம்பு வழியே போனாலே உயிர் போகலாம்.

சரி, எம்சிபியை இறக்கியும் ஏன் டிரிப் ஆகிறது? சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டும்தான் அறுக்கும். ஈரத்தில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருந்தால், மற்ற லைன்களின் நியூட்ரல் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகத் திரும்பிவிடும். மெயினை இறக்கி, டெஸ்டரை வைத்து உறுதி செய்துகொண்டு, அந்த லைனின் நியூட்ரலை நியூட்ரல் பாரிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி மெயினைப் போட்டுப் பாருங்கள். ஆர்சிசிபி டிரிப் ஆகாமல் நின்றால் பழுது வெளி லைனில் இருக்கிறது. வீட்டுக்காரர் இதைத் தானே செய்ய வேண்டாம், எலக்ட்ரீசியனைச் செய்யச் சொல்லுங்கள். பழுது கிடைக்கும்வரை ஸ்டார் எரியாமல் இருக்கட்டும்.

டேப் சுற்றிய ஜாயிண்ட்

மழை படும் இடத்தில் ஜாயிண்டே வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 பாக்ஸ் போட்டு, வயர் நுழையும் வாயைக் கீழ்ப்பக்கம் வையுங்கள். முட்டம் போலக் கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பு ஸ்க்ரூவைத் தின்றுவிடும். அங்கே பித்தளை டெர்மினல்தான்.

டெஸ்ட் பட்டன்

ஆர்சிசிபியில் இருக்கும் இந்தப் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டிரிப் ஆகாவிட்டால் ஆர்சிசிபியை மாற்றுங்கள்.

கட்டுக்கம்பி

வேண்டவே வேண்டாம்.