விண்டோஸ் அப்கிரேடுக்குப் பிறகு கணினி தகராறு செய்கிறதா? முதலில் நகல், அப்புறம்தான் பழுது

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறியவர்கள் ஏராளம். பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் இல்லாமல் முடிந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் மறுநாள் காலை திரை கறுப்பாக நிற்கும், ஒலி வராது, டெஸ்க்டாப்பில் இருந்த ஃபோல்டர்களைக் காணோம். கை பதறி எதையாவது அழுத்தத் தோன்றும் நேரம் இது. இந்தப் பதிவு அவர்களுக்காக.

கணினியைச் சரிசெய்ய இறங்குவதற்கு முன் உங்கள் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி நிறுவலாம். அழிந்துபோன குழந்தைப் படத்தை மறுபடி எடுக்க முடியாது.

படி 1: எதையும் அழிக்காதீர்கள்

அப்கிரேடு முடிந்ததும் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பழைய விண்டோஸ் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. பல ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், இடம் போதவில்லை என்று சிலர் முதல் வேலையாக அதை அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போகும் வழி அந்த ஃபோல்டர்தான். வழக்கமாக 10 நாள் இருக்கும், பிறகு விண்டோஸே அழித்துவிடும். 'டிஸ்க் கிளீன்அப்' போன்றவற்றை ஓட்டினால் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்ற கட்டத்தில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்கிரேடு செய்த தேதியை ஒரு தாளில் குறித்து வையுங்கள். இனி எடுக்கும் முடிவுகள் எல்லாம் அந்த 10 நாளுக்குள் எடுக்க வேண்டியவை.

படி 2: கோப்புகள் உண்மையிலேயே போய்விட்டனவா?

பெரும்பாலும் போயிருக்காது, இடம்தான் மாறியிருக்கும். அதற்கு இரண்டு காரணங்களை அடிக்கடி பார்க்கிறேன்.

முதலாவது, ஒன்டிரைவ், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம். புதிய விண்டோஸை அமைக்கும்போது அடுத்தடுத்து 'நெக்ஸ்ட்' அழுத்திக்கொண்டே போனால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்றும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம்பெயர்ந்துவிடலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடது பக்கம் ஒன்டிரைவைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் அங்கே இருக்கும்.

இரண்டாவது கொஞ்சம் ஆபத்தானது. விண்டோஸ் உங்கள் கணக்கைத் திறக்க முடியாமல், ஒரு தற்காலிகக் கணக்கில் உங்களை உள்ளே விட்டிருக்கும். உள்நுழைந்ததுமே உங்கள் கணக்கில் நுழைய முடியவில்லை என்று ஓர் அறிவிப்பு காட்டும், ஆனால் அதை யாரும் படிப்பதில்லை. பின்னணிப் படம் மாறி, டெஸ்க்டாப் வெறிச்சோடிக் கிடக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் இதைக் கவனிக்காமல் ஒரு பகல் முழுக்க ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைத் தட்டச்சு செய்து டெஸ்க்டாப்பிலேயே சேமித்தார். மாலையில் கணினியை அணைத்தார். அவ்வளவுதான். தற்காலிகக் கணக்கில் சேமிப்பது எதுவும் வெளியேறியதும் நிற்காது. என்னை அழைத்தபோது அவர் குரலே உடைந்திருந்தது, என்னாலும் ஒன்றும் மீட்க முடியவில்லை.

ஆகவே வெறுமையான டெஸ்க்டாப்பைக் கண்டால் அதில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். கணினியை இரண்டு மூன்று முறை மறுதொடக்கம் செய்யுங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டரைத் திறந்து உங்கள் பெயரில் இருப்பதைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் விண்டோஸ்.ஓல்டுக்குள் இருக்கும் 'யூசர்ஸ்' ஃபோல்டரையும் பார்த்துவிடுங்கள்.

படி 3: நகல் எடுப்பது

ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் போதும், கோப்புகள் குறைவென்றால் பென் டிரைவே போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு ஏறாது. நீளமான வீடியோ பாதியில் நின்று பிழை காட்டினால் காரணம் அதுதான். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். ஃபார்மேட் செய்தால் அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், எனவே காலியான டிரைவாகப் பாருங்கள்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஐந்தையும் அப்படியே நகலெடுங்கள். இழுத்துப் போடாமல், காப்பி செய்து பேஸ்ட் செய்யுங்கள். 'கட்' வேண்டாம், நடுவில் மின்சாரம் போனால் எது எங்கே நின்றது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். பிரவுசரின் புக்மார்க்குகளை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து சேர்த்துக்கொள்ளுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவையும் கூடவே வையுங்கள். எழுத்துரு இல்லாமல் திறந்தால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும்.

நகல் முடிந்ததும் மூல ஃபோல்டரையும் நகல் ஃபோல்டரையும் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் நகலிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள்: ஒரு படம், ஒரு வீடியோவின் கடைசி நிமிடம், ஒரு ஆவணம். திறந்தால்தான் அது நகல். பார்த்தாயிற்றா? டிரைவை 'இஜெக்ட்' செய்து கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் கணினிக்கு வரும் வைரஸ் அதற்கும் வரும்.

படி 4: 48 இலக்கச் சாவி

இதைப் பலர் தவறவிடுகிறார்கள். பல மடிக்கணினிகளில், டிரைவில் உள்ளதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். பழுதுபார்க்கும் வழியில் திடீரென்று நீல நிறத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லாவிட்டால் டிரைவில் உள்ளதை எடுக்க வேறு வழியில்லை. இப்போதே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். தாளில் எழுதி வையுங்கள், அல்லது கைபேசியில் படமெடுத்து வையுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்தால் பயனில்லை.

படி 5: இப்போது பழுது

முதல் ஓரிரு நாள் கணினி மெதுவாக ஓடினால் பயப்பட வேண்டாம். கோப்புகளின் தேடல் அட்டவணையை விண்டோஸ் பின்னணியில் புதிதாகத் தயாரித்துக்கொண்டிருக்கலாம். சார்ஜரைச் செருகி, ஓர் இரவு ஓட விடுங்கள்.

ஒலி, வைஃபை, பிரிண்டர் இவற்றில் ஏதாவது ஒன்று வேலை செய்யாவிட்டால் அநேகமாக டிரைவர் கோளாறு. அந்தப் பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்தான் டிரைவர். விண்டோஸ் பொத்தானோடு எக்ஸ் பொத்தானை அழுத்தி 'டிவைஸ் மேனேஜரை'த் திறங்கள். மஞ்சள் முக்கோணம் உள்ள பெயர்தான் குற்றவாளி. அதற்கான புதிய டிரைவரை 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில், 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற இடத்தில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். டிரைவர்களைத் தானே தேடித் தரும் என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. வேண்டாத பலவற்றையும் சேர்த்து நிறுவிவிடுகின்றன.

திரை கறுப்பாக நின்று மவுஸ் அம்பு மட்டும் தெரிந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்துங்கள். திரைக்கான டிரைவர் மறுபடி தொடங்கும். ஒரு பீப் ஒலி கேட்டுப் படம் வந்துவிட்டால் உங்கள் நல்ல நேரம்.

வராவிட்டால் சேஃப் மோடு, அதாவது மிகத் தேவையானவற்றை மட்டும் கொண்டு விண்டோஸைத் தொடங்கும் முறை. உள்நுழையும் திரை வரை வர முடிந்தால், ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அதுவும் முடியாதா? விண்டோஸ் எழும்போதே பவர் பொத்தானை 10 வினாடி அழுத்தி அணைத்துவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை தானாக வரும். அதில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்' என்று வரிசையாகப் போய், பட்டியல் வந்ததும் 4 அழுத்துங்கள். இணையமும் வேண்டுமென்றால் 5. சேஃப் மோடில் கணினி ஒழுங்காக ஓடினால், பெரும்பாலும் வன்பொருள் நன்றாக இருக்கிறது என்று பொருள். புதிதாக நிறுவிய மென்பொருளையோ டிரைவரையோ நீக்கிப் பாருங்கள். நகல் எடுக்க முடியாமல் இதுவரை வந்தவர்கள் முதலில் படி 3-ஐ இங்கேயே முடித்துவிடுங்கள்.

பொதுவாகவே அங்கங்கே பிழை வந்துகொண்டிருந்தால், 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரெக்கவரி' பக்கத்தில் விண்டோஸ் அப்டேட் வழியாகச் சிக்கலைச் சரிசெய்யும் 'ரீஇன்ஸ்டால் நவ்' என்ற பொத்தான் இருக்கும். உங்கள் கோப்புகளையும் மென்பொருள்களையும் தொடாமல் விண்டோஸை மட்டும் மறுபடி நிறுவும். அதே பக்கத்தில் இருக்கும் 'ரீசெட் திஸ் பிசி' வேறு. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்தால்கூட நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். அதை உங்கள் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: திரும்பிப் போகலாமா?

ஏழெட்டு நாள் முயன்றும் அன்றாட வேலை ஓடவில்லை என்றால், அதே 'ரெக்கவரி' பக்கத்தில் 'கோ பேக்' அழுத்துங்கள். பழைய விண்டோஸ் வந்துவிடும், கோப்புகளும் இருக்கும். அப்கிரேடுக்குப் பிறகு நிறுவிய மென்பொருள்கள் மட்டும் போகும். ஆனால் விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட்கள் வழக்கம்போல் வருவதில்லை என்பதால், அங்கே நிரந்தரமாகத் தங்காமல், டிரைவர் சிக்கல் தீரும்வரை ஒதுங்கும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

படி 7: இனி தானாக நகல் எடுக்க

கணினி ஒழுங்காக ஓடத் தொடங்கிவிட்டதா? சரி, அந்த வெளி டிஸ்க்கைச் செருகி, 'கண்ட்ரோல் பேனலில்' 'ஃபைல் ஹிஸ்டரி'யைத் திறந்து 'டர்ன் ஆன்' கொடுங்கள். மாறிய கோப்புகளை மணிக்கொரு முறை நகலெடுக்கும், பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். டி டிரைவில் வைத்திருக்கும் ஃபோல்டர்களை அது தானாகச் சேர்க்காது, அவற்றை ஒரு லைப்ரரியில் (பல ஃபோல்டர்களை ஒன்றாகக் காட்டும் தொகுப்பு) நீங்கள்தான் சேர்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை டிஸ்க்கைச் செருகி ஓட விட்டு, வேலை முடிந்ததும் கழற்றி வைத்தாலே போதும்.

ஒன்டிரைவ் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பீர்கள். ஒன்டிரைவ் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் சேவை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். 30 நாள் வரை அதன் குப்பைத்தொட்டியில் கிடக்கும், பிறகு கிடையாது. இலவசமாகக் கிடைப்பதும் 5 ஜிபிதான். வீட்டு டிஸ்க்கோடு இரண்டாவது நகலாக அதை வைத்துக்கொண்டால் நல்லது.

கடைசியாக இன்றே ஒன்று செய்து பாருங்கள். முக்கியமில்லாத ஒரு கோப்பை அழித்துவிட்டு, ஃபைல் ஹிஸ்டரியில் 'ரீஸ்டோர் பர்சனல் ஃபைல்ஸ்' வழியாக அதைத் திரும்ப வரவழையுங்கள். வராவிட்டால் டிஸ்க் செருகியிருக்கிறதா, அந்த ஃபோல்டர் பட்டியலில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி முயலுங்கள்.