தன் ஒலியைத் தொலைக்கும் வழிகள்: புதிய டிரம் அண்ட் பேஸ் டிஜேக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் ஒரு சிறிய அரங்கில் புதியவர்கள் மூவர் அடுத்தடுத்து டிரம் அண்ட் பேஸ் (வேகமான டிரம்மும் தாழ்ந்து அதிரும் பேஸ் ஒலியும் கொண்ட மின்னணு நடன இசை) இசைத்ததைத் தொடக்கம் முதல் இறுதி வரை நின்று கேட்டேன். மூவருக்கும் கை சுத்தமாக இருந்தது, மூவரும் நிறையப் பயிற்சி செய்திருந்தார்கள், ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு முன் நான் இழைத்த அதே தவறுகள் அதே வரிசையில் என் கண்முன்னே மீண்டும் நடந்தன. அந்த இரவு முடிந்து வீடு திரும்பும்போதே இதை எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. இரண்டு டிராக்குகளின் துடிப்பு பொருந்தாமல் போவது, ஹெட்போனை மறந்துவிட்டு வருவது, ஓடிக்கொண்டிருக்கும் டிராக்கையே தவறுதலாக நிறுத்திவிடுவது போன்றவற்றை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவை ஒருமுறை நடந்தால் மறுமுறை நடக்காது. நெடுங்காலம் கவனிக்கப்படாமலே ஒருவரைக் கெடுக்கும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல விரும்புகிறேன்.

பார் எண்ணாமல் கலப்பது

துடிப்பு பொருந்திவிட்டால் கலவையும் பொருந்திவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நான்கு துடிப்புகள் சேர்ந்தது ஒரு பார். நம் இசையில் பெரும்பாலான டிராக்குகள் 16 பார், 32 பார் என்ற தொகுதிகளாகவே கட்டப்படுகின்றன. நிமிடத்துக்கு 174 துடிப்புகள் என்ற வேகத்தில் 16 பார் சுமார் 22 நொடிகளில் கடந்துவிடும், 32 பாருக்குச் சுமார் 44 நொடிகள் ஆகும். உள்ளே வரும் டிராக்கை இந்தத் தொகுதியின் முதல் துடிப்பில் தொடங்காமல் நான்கு பார் தள்ளித் தொடங்கினால், தாளம் ஒன்றாகவே ஓடினாலும், ஒன்றின் டிராப் (பேஸும் டிரம்மும் முழு வலுவோடு இறங்கும் இடம்) மற்றொன்றின் இசை வாக்கியத்தை நடுவில் வெட்டும். ஆடுபவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் அவர் கால் ஒரு கணம் தயங்கும். அன்று இரண்டாவதாக இசைத்தவரின் கலவைகளில் பாதி இப்படித்தான் தடுக்கின. திரையில் தெரியும் அலைவடிவத்தைப் பார்த்து அவர் கலந்தார், வாய்க்குள் எண்ணவில்லை.

இரண்டு பேஸ்களையும் ஒன்றாக ஓடவிடுவது

இது அறைக்குள் பயிற்சி செய்யும்போது தெரியாது, ஏனென்றால் வீட்டு ஸ்பீக்கர்கள் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை. அரங்கின் பெரிய ஸ்பீக்கர்கள் முன் நிற்கும்போதுதான் உண்மை வெளிவரும். ஒரு டிராக்கின் அடிநாதம் எஃப் சுரத்திலும் மற்றொன்றின் அடிநாதம் எஃப் ஷார்ப்பிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது சுமார் 43.7 ஹெர்ட்ஸ், இரண்டாவது சுமார் 46.2 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது அந்த இடைவெளி காரணமாக நொடிக்கு இரண்டரை முறை ஒலி உப்பி அடங்கும். தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நடுக்கம் நெஞ்சில் விழும். ஆகவே உள்ளே வரும் டிராக்கின் பேஸை ஈக்யூவில் (ஒலியின் தாழ்ந்த, நடு, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் திருகுகளில்) முழுவதும் அடக்கி வைத்து, தொகுதி மாறும் முதல் துடிப்பில் ஒன்றைத் திறந்து மற்றொன்றை மூட வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் சுருதிப் பூட்டு இல்லாமல் 170 துடிப்புகள் கொண்ட டிராக்கை 176க்கு ஏற்றினால், அதன் சுருதி அரைச்சுரத்தில் பாதிக்கும் அதிகமாக உயர்ந்துவிடும். மென்பொருள் காட்டும் சுருதிப் பெயரை மட்டும் நம்பிக் கலப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

டபுள் டிராப்பை வாரி இறைப்பது

இரண்டு டிராக்குகளின் டிராப்பையும் ஒரே துடிப்பில் சேர்ந்து இறங்கவிடுவதுதான் டபுள் டிராப். ஒரு மணி நேரத்துக்கு மூன்று போதும்.

கூட்டம் கலையும்போது தன் ஒலியைக் கைவிடுவது

இந்தத் தவறை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, முதலில் என் மீதே வருகிறது.

அன்று மூன்றாவதாக இசைத்தவர் ஓர் இளம் பெண். நிதானமாக உருளும் டிராக்குகள், ஆழமான பேஸ், அவற்றின் மேல் மிதக்கும் மெல்லிய கீபோர்டு ஒலிகள் என்று அவர் தேர்ந்தெடுத்த முதல் ஐந்து டிராக்குகளில் ஒரு காது இருந்தது. அப்படிப்பட்ட காது பயிற்சியால் மட்டும் வருவதில்லை. பத்தாவது நிமிடத்தில் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் தண்ணீர் குடிக்க நகர்ந்தார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "அண்ணா, சனம் வெளியில போகுது" என்று என் காதருகே சொன்னார், நான் வாய் திறப்பதற்குள் அந்த மாதம் எல்லா அரங்கிலும் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு டிராக்கை ஏற்றிவிட்டார். கூட்டம் கத்தியது, கைகள் உயர்ந்தன. அடுத்து அதைவிட உரத்த ஒன்றைப் போட வேண்டிய நிலை வந்தது, அதற்கடுத்து இன்னும் உரத்த ஒன்று. மீதி நாற்பது நிமிடமும் அவர் இசைத்தவை வேறு யாரோ தேர்ந்தெடுத்தவை.

2004ஆம் ஆண்டு லண்டனில் இதே கதை எனக்கு நடந்தது. ஒரு கிளப்பின் இரண்டாம் அறையில் அதிகாலை ஒரு மணி முதல் இரண்டரை வரை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். நான் மெதுவாக அவிழும் டிராக்குகளுக்காக ஓரளவு அறியப்பட்டவன், என்னை அழைத்ததும் அதற்காகத்தான். எனக்கு முன் இசைத்தவர் மிகவும் கரடுமுரடாக முடித்திருந்தார். என் முதல் மூன்று டிராக்குகளுக்குள் தளத்தில் பாதிப் பேரைக் காணவில்லை. அப்போது கரகரப்பான பேஸ் துள்ளித் துள்ளி வரும் டிராக்குகள் பெரும் வரவேற்பில் இருந்தன. அவசரத்துக்கு உதவட்டும் என்று அவற்றில் ஆறு இசைத்தட்டுகளைப் பெட்டியின் பின்புறம் வைத்திருந்தேன். முதலாவதை எடுத்தேன். அறை துள்ளியது. இரண்டாவதைப் போட்டபோது, ஏற்பாட்டாளர் மேசைக்குப் பின்னால் வந்து, அதை எனக்கு முன் இசைத்தவர் அரை மணிக்கு முன்புதான் போட்டார் என்று மெதுவாகச் சொன்னார். இடப்புற ஸ்பீக்கருக்கு முன்னே, நான் எங்கே இசைத்தாலும் வருகிற நான்கு பேர் நின்றிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தபோது அவர்களில் ஒருவர் மேலங்கியின் கைக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்தார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த நால்வரும் போய்விட்டார்கள்.

அன்றிரவு வெற்றி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், கேடும் அதில்தான் தொடங்கியது. அடுத்த ஈராண்டுக்கு எனக்கு வந்த அழைப்புகள் யாவும் அந்தத் துள்ளல் இசைக்காகவே வந்தன. அதே டிராக்குகளை அதே வாரங்களில் இசைக்கும் பலருள் நானும் ஒருவன் ஆனேன். மோகம் தணிந்ததும் அழைப்புகளும் நின்றன. நான் கைவிட்ட ஒலியை விடாமல் பிடித்திருந்த வேறொருவருக்கு அதே இரண்டாம் அறை மாதந்தோறும் கிடைத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அது அவருக்கு உரியதுதான். பழைய நிலைக்குத் திரும்ப எனக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன.

இந்த இசையின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் நடுவில் டிரம் அண்ட் பேஸுக்கு முன்னோடியான முரட்டு ஜங்கிள் இசை எங்கும் கோலோச்சியபோது, எல்டிஜே புக்கெம், ஃபாபியோ என்ற இரு டிஜேக்கள் லண்டனில் ‘ஸ்பீட்’ என்ற இரவைத் தொடங்கி, மென்மையும் விரிவும் கொண்ட தங்கள் ஒலியையே அங்கே இசைத்தார்கள். தங்களுக்குரிய கூட்டம் வரும் இடத்தை அவர்களே கட்டிக்கொண்டார்கள். 1995இல் ஹாக்ஸ்டன் சதுக்கத்தின் புளூ நோட் கிளப்பில் மெட்டல்ஹெட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஞாயிறு இரவுகள் தொடங்கின. அங்கே இசைத்தவர்களில் பலர் இன்னும் கடைக்கு வராத டிராக்குகளை டப்பிளேட்டில் வெட்டிக் கொண்டுவந்தார்கள். அலுமினியத் தட்டின் மேல் மெல்லிய பூச்சுடன் வரும் அந்தத் தட்டு, சில பத்து முறை ஓடியதும் தேயத் தொடங்கும். வட லண்டனின் மியூசிக் ஹவுஸ் என்ற தட்டு வெட்டும் கூடத்தில் வரிசையில் காத்திருந்து, பணம் கொடுத்து வெட்ட வேண்டும் என்பதால், எதை வெட்டுவது என்று ஒருவர் பலமுறை யோசித்தே முடிவெடுத்தார். அந்தச் செலவும் தேய்மானமும் தாமாகவே ஒவ்வொருவரின் பெட்டியையும் மற்றவர் பெட்டியிலிருந்து வேறுபடுத்தின. இன்று உலகில் எல்லோரும் ஒரே பட்டியலிலிருந்து ஒரே இரவில் இறக்கிக்கொள்ள முடியும். அப்போது தட்டின் விலை செய்த வேலையை இப்போது நம் தேர்வுதான் செய்ய வேண்டும்.

கூட்டத்தைக் கவனிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிஜே மாறும்போது தளம் இளைப்பது எல்லா அரங்கிலும் நடப்பது. ஒரு மணி நேரம் ஆடியவர்கள் மூச்சு வாங்க அந்த இடைவெளியைத்தான் பயன்படுத்துகிறார்கள். முதல் கால் மணி நேரத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. முந்தையவர் முரட்டுத்தனமாக முடித்திருந்தால், உங்கள் ஒலிக்குள்ளேயே டிரம் மிக அழுத்தமாகவும் பேஸ் எளிமையாகவும் உள்ள இரண்டு டிராக்குகளைப் பாலமாக முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். தளம் தளர்ந்தால் ஒவ்வொரு டிராக்கையும் 96 பார் ஓடவிடுவதற்குப் பதில் 64 பாரில் மாற்றுங்கள், டிராக்கின் இயல்பை மாற்றாமலே வேகம் கூடியது போல் தோன்றும். டிராப்புக்கு முன் எட்டு பார் பேஸை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். இவை எவற்றுக்கும் உங்கள் காதை விற்க வேண்டியதில்லை. அவசரத்துக்கென்று வைக்கும் அந்த ஆறு தட்டுகளை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். இருந்தால் கை போகும்.

அந்தப் பெண்ணிடம் இவற்றையெல்லாம் பிறகு சொன்னேன். தன் முதல் ஐந்து டிராக்குகளின் பெயர்களை யாரேனும் கேட்டார்களா என்று என்னிடமே கேட்டார். இருவர் என்னிடம் கேட்டிருந்தார்கள். அடுத்த நாற்பது நிமிடங்களில் இசைத்த எதன் பெயரையும் ஒருவரும் கேட்கவில்லை.

பழைய பெட்டியையே தனித்தன்மை என்று நினைப்பது

மேலே சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் இந்தப் பக்கம் விழுகிறார்கள், இவர்களில் என் வயதுக்காரர்களே அதிகம். 1996இல் வெளியான டிராக்குகளை மட்டும் இசைத்துவிட்டு, தன் ஒலிக்கு உண்மையாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒலி என்பது டிராக்குகளின் பட்டியலில் இருப்பதில்லை. எந்த டிரம்முக்கு உடல் அசைகிறது, எவ்வளவு இடைவெளி விட்டு பேஸ் வர வேண்டும், எவ்வளவு இருட்டும் எவ்வளவு வெளிச்சமும் வேண்டும் என்ற தேர்வில் அது இருக்கிறது. 1969இல் த வின்ஸ்டன்ஸ் குழுவின் டிரம்மர் கிரெகரி கோல்மன் வாசித்த நான்கு பார், ஆறேழு நொடிகள் நீளமுள்ள ஒரு துண்டு. அமென் பிரேக் என்று பெயர்பெற்ற அதை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் இசையில் வெட்டியும் ஒட்டியும் வருகிறார்கள், இன்னும் அதிலிருந்து புதிதாக ஒன்று பிறக்கிறது. நான் வாரத்துக்கு நூறு புதிய டிராக்குகள் கேட்கிறேன். அவற்றில் இரண்டோ மூன்றோ என்னுடையவையாகத் தோன்றும். அந்த மூன்றைத் தேடும் உழைப்பை விட்டவர், பழைய தட்டுகளைப் பத்திரப்படுத்தும் வேலையைத்தான் செய்கிறார்.

எம்சியின் குரலுக்கு இடம் விடாமல் கலப்பது

இசையின் மேல் மைக்கில் வரிகள் சொல்பவர்தான் எம்சி. அவர் வரியை முடிக்கும்வரை டிராப்பைத் தள்ளி வையுங்கள்.

மிக்ஸரின் சிவப்பு விளக்கு

அது எரிந்தால் ஒலி கூடவில்லை, உடைகிறது.

காதைக் காக்காமல் இருப்பது

85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரத்தில் பாதியை இழக்கிறது. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். நாம் நிற்கும் இடத்தில் மானிட்டர் ஸ்பீக்கர் முகத்துக்கு நேரே இருக்கும், ஒரு இரவில் ஒன்றரை மணி நேரம் அங்கே நிற்கிறோம். எனக்கு 2009 முதல் இடது காதில் ஓயாத ஒரு கீச்சொலி இருக்கிறது. பேஸும் டிரம்மும் ஓடும்போது அது மறைந்துவிடும். ஆனால் வீட்டில் புதிய டிராக்குகளைத் தேர்ந்தெடுக்கும்போது, தொடக்கத்தில் வரும் மெல்லிய பகுதிகளில், சிம்பலின் நுனி எங்கே முடிகிறது, என் காதின் சத்தம் எங்கே தொடங்குகிறது என்று இப்போது எனக்குப் பிரித்தறிய முடிவதில்லை. அந்தப் பகுதிகளை வலது காதில் மட்டும் ஹெட்போனை வைத்து இரண்டாம் முறை கேட்கிறேன். காதின் அளவெடுத்துச் செய்த, எல்லா அலைவரிசைகளையும் சமமாகக் குறைக்கும் காதடைப்பான்களை உங்கள் முதல் செட்டுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.