கடுப்பு வரும், வரட்டும்: போக்கர்ல டில்ட் ஆகாம ஆடறது எப்படி

போக்கர் ரூல்ஸ் கத்துக்க ஒரு சாயங்காலம் போதும். எந்த ஹேண்ட் (கைக்கு வந்த சீட்டு) ஆடணும், எத ஃபோல்டு பண்ணணும், அதாவது தூக்கிப் போடணும்னு ஓரளவு பிடிபட சில வாரம் ஆகும். ஆனா இதெல்லாம் தெரிஞ்சவங்களும் பணத்த விடறாங்களே, அது பெரும்பாலும் தெரியாம விடறது இல்ல, கடுப்புல விடறது. மூணு மணி நேரம் பொறுமையா உக்காந்து சேர்த்த சிப்ஸ், ஒரு பெரிய பாட் (நடுவுல சேர்ற பந்தயப் பணம்) கை நழுவிப் போனதும் அடுத்த பத்து நிமிஷத்துல காலி. இதத்தான் டேபிள்ல டில்ட்னு சொல்றாங்க.

இதுக்கு எல்லாரும் குடுக்கற அட்வைஸ் "கூலா ஆடுங்க பாஸ்". அதால ஒரு பிரயோஜனமும் இல்லங்க. கோபம் வர்றது உங்க கையில இல்ல, வந்தே தீரும். உங்க கையில இருக்கறது ஒண்ணு தான், அந்த கோபம் ரெய்ஸ் பட்டன் (பந்தயத்த ஏத்தறது) வரைக்கும் போய் சேராம நடுவுல தடுப்பு போடறது. அந்த தடுப்ப எல்லாம் கோபம் வர்றதுக்கு முன்னாடியே போடணும், வந்த பிறகு போட மூளை ஒத்துழைக்காது. கீழ சொல்றது எல்லாமே டெக்ஸாஸ் ஹோல்டம் (ஆளுக்கு கைல ரெண்டு சீட்டு, நடுவுல பொதுவா அஞ்சு; அதுல மொத மூணு ஃப்ளாப், கடைசி சீட்டு ரிவர்) வச்சு தான், அதுவும் ஆன்லைன்ல ஆடறவங்கள மனசுல வச்சு, நேர்ல ஆடினாலும் முக்கால்வாசி பொருந்தும்.

ஸ்டெப் 1: எவ்ளோ தடவ தோப்பீங்கன்னு முன்னாடியே கணக்கு போட்டு வச்சுக்கோங்க

இது தான் இருக்கறதுலயே முக்கியமான ஸ்டெப், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். புதுசா ஆடறவங்களுக்கு கடுப்பு வர பெரிய காரணம் "இது நடக்கவே கூடாது"ங்கற நினைப்பு. உங்ககிட்ட ரெண்டு ஏஸ், அவன்கிட்ட ரெண்டு கிங், ஃப்ளாப்புக்கு முன்னாடியே ஆல்-இன், அதாவது இருக்கற சிப்ஸ் மொத்தமும் உள்ள. நீங்க ஜெயிக்க சான்ஸ் சுமார் 82 சதவீதம். கேக்க நல்லா இருக்கு, ஆனா அத திருப்பிப் பாருங்க, அஞ்சாறு தடவைக்கு ஒரு தடவ நீங்க தோக்கணும், அது தான் கணக்கே. இந்த மாதிரி 80 சதவீதம் சான்ஸ் உள்ள ஆல்-இன் அஞ்சு போட்டீங்கன்னா அஞ்சையும் ஜெயிக்கறதுக்கு மூணுல ஒரு பங்கு வாய்ப்பு தான் இருக்கு. அதாவது ஒண்ணாவது போறது தான் சகஜம், ஒண்ணு கூட போகலன்னா தான் ஆச்சரியப்படணும்.

இன்னொண்ணு, நாம பேட் பீட்னு (ஜெயிக்க வேண்டியத துரதிர்ஷ்டத்துல தோக்கறது) புலம்பறதுல பாதி பேட் பீட்டே கிடையாது. ஃப்ளாப்புல ஆட்டின் கிங், ஆட்டின் நாலு, கிளாவர் ரெண்டு விழுந்திருக்கு. உங்ககிட்ட ஸ்பேட் ஏஸும் டைமண்ட் ஏஸும். எதிராளி ஆட்டின் எட்டு ஒன்பது வச்சுக்கிட்டு உங்க ஆல்-இன்ன கால் பண்றான் (அதே அளவு பணத்த அவனும் போடறான்), ரிவர்ல இன்னொரு ஆட்டின் விழுது, போச்சு. "எப்படிடா அத கால் பண்ணான் முட்டாள்"னு கத்தத் தோணும். ஆனா அஞ்சு ஆட்டின் சேந்தா உங்க ஏஸ் ஜோடிய அடிச்சிடும், அவனுக்கு ஒன்பது ஆட்டின் பாக்கி இருக்கு, இன்னும் ரெண்டு சீட்டு திறக்க வேண்டியிருக்கு, கிட்டத்தட்ட 35 சதவீதம், மூணுல ஒண்ணு. மூணுல ஒண்ணு நடந்ததுக்கு யாராவது விதிய திட்டுவாங்களா?

மனசுல வச்சுக்க வேண்டிய மத்த நம்பருங்க:

கைல ஜோடி வச்சிருந்தா ஃப்ளாப்புல செட் (அதே சீட்டு மூணு) அடிக்கறது எட்டு ஒன்பது தடவைக்கு ஒண்ணு. ஏஸ்-கிங் மாதிரி ஜோடி இல்லாத ஹேண்டுக்கு ஃப்ளாப்புல ஜோடியாவது சேர்றது மூணுல ஒரு தடவ தான். ரெண்டு குயினுக்கு எதிர்ல ஏஸ்-கிங் வந்தா 55-45 பக்கம், கிட்டத்தட்ட காசு சுண்டற மாதிரி. ரெண்டு ஏஸ் வச்சு சும்மா கால் மட்டும் பண்ணிட்டு நாலு பேர உள்ள விட்டுட்டீங்கன்னா, நாலு பேரும் கடைசி வரைக்கும் நின்னா உங்க சான்ஸ் 55 சதவீதம் பக்கம் இறங்கிடும், அதுல தோத்துட்டு சாஃப்ட்வேர திட்டாதீங்க.

அந்த சாஃப்ட்வேர் புலம்பலப் பத்தியும் ஒரு வார்த்தை. நேர்ல ஆடினா ஒரு மணி நேரத்துக்கு 25-30 ஹேண்ட் வரும். ஆன்லைன்ல நாலு டேபிள் தொறந்து வச்சா 250க்கு மேல போகும். அப்போ ரிவர்ல அடி வாங்கறதும் எட்டு மடங்கு சீக்கிரமா வரும் இல்லையா, அதுக்கு பேர் மோசடி இல்ல, வேகம்.

ஸ்டெப் 2: வலிக்கற பணத்தோட உக்காராதீங்க

வாடகைக்கு வச்ச பணத்தோட உக்காந்தா எந்த டெக்னிக்கும் வேலை செய்யாது. பொதுவா கேஷ் கேம் (நேரா பணத்துக்கு ஆடறது, எப்ப வேணா எழுந்துக்கலாம்) ஆடறவங்க சொல்ற கணக்கு, ஆடற லெவலுக்கு குறைஞ்சது 20-30 பை-இன் (ஒரு தடவ டேபிள்ல உக்கார கொண்டு போற பணம்) தனியா இருக்கணும், டோர்னமெண்ட்னா 100 பை-இன் வரைக்கும் சொல்லுவாங்க ஏன்னா அங்க ஏத்த இறக்கம் ஜாஸ்தி. ஆரம்பிக்கறவங்களுக்கு என் சிபாரிசு இன்னும் சிம்பிள்: மொதல்ல சும்மா சிப்ஸ் வச்சு ஆடுங்க. காசே இல்லாத ஆட்டத்துல கூட கடுப்பு வரும், அப்போ தான் தெரியும் பிரச்சனை பணம் மட்டும் இல்லன்னு. காசு வச்சு ஆடறது உங்க ஊர் சட்டப்படி சரியான்னும் பாத்துக்கோங்க.

ஸ்டெப் 3: உக்கார்றதுக்கு முன்னாடி செட்டிங்ஸ மாத்துங்க

ஆட்டோ ரீபை, ஆட்டோ டாப்-அப் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க, கண்டிப்பா. ஸ்டாக் (உங்க முன்னாடி இருக்கற சிப்ஸ்) போன அடுத்த செகண்ட் புது ஸ்டாக் தானா வந்து உக்காருதே, அத விட டில்ட்டுக்கு வசதி பண்ணிக் குடுக்கற விஷயம் வேற இல்ல. பணம் திரும்ப போடணும்னா நீங்களே நாலு பட்டன் அமுக்கணும், அந்த பத்து செகண்ட் கேப் தேவை. சைட்ல டெபாசிட் லிமிட் வைக்கற ஆப்ஷன் இருந்தா நிதானமா இருக்கறப்பவே வச்சிடுங்க. சேட்டையும் மூடிடுங்க, அதுல யாரும் உங்களுக்கு நல்லது சொல்லப் போறது இல்ல.

அப்புறம் ஒரு பேப்பர்ல ரெண்டு வரி: எத்தன பை-இன் போனா எழுந்திருப்பேன், எத்தன மணிக்கு எழுந்திருப்பேன். ஆரம்பத்துக்கு ரெண்டு பை-இன் போதும். மனசுல வச்சுக்கிட்டா போதாதான்னு கேப்பீங்க, போதாது, மனசுல இருக்கற லிமிட் ரெண்டாவது பை-இன் போனதும் மூணு ஆயிடும். பேப்பர்ல எழுதினத அடிச்சு திருத்த கொஞ்சமாவது கூச்சமா இருக்கும்.

ஸ்டெப் 4: உங்க டில்ட் எந்த மாதிரின்னு கண்டுபிடிங்க

எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது. சிலருக்கு ரிவர்ல அடி வாங்கினா வரும். சிலருக்கு சீட்டு தோத்தா பரவால்ல, தானே தப்பா ஆடிட்டா தாங்காது, "இதக் கூட ஃபோல்டு பண்ணத் தெரியல"ன்னு தன்னையே திட்டிக்கிட்டு அடுத்த நாலு ஹேண்டையும் கோட்டை விடுவாங்க. சிலருக்கு ஒரு ஆள் மேல. அவன் உங்கள ப்ளஃப் பண்ணி ஃபோல்டு பண்ண வச்சு, பாட்ட எடுத்துட்டு ஏழு-ரெண்டுங்கற மட்டமான சீட்ட திருப்பிக் காட்டுவான். அதுக்கப்புறம் டேபிள்ல மத்தவங்க இருக்கறதே உங்க கண்ணுக்குத் தெரியாது, அவன் ரெய்ஸ் பண்ணா மட்டும் எது வச்சிருந்தாலும் கால். அவன் காட்டினதே அதுக்குத் தாங்க, நீங்க கால் பண்ணணும்னு தான்.

ஜெயிக்கறப்ப வர்ற டில்ட்டும் இருக்கு, அத யாரும் கண்டுக்கறதில்ல. ரெண்டு பை-இன் மேல இருக்கோம், இன்னிக்கு நம்ம நாள்னு கண்ட சீட்டையும் ஆட ஆரம்பிக்கறது. கோபம் இல்லாததால தப்பா தெரியாது, சிப்ஸ் கரையறது மட்டும் அதே தான்.

அடையாளம் பெரும்பாலும் உடம்புல தான் மொதல்ல தெரியும். தாடை இறுகும், காது சூடாகும், மவுஸ வேகமா கிளிக் பண்ணுவீங்க. ஆட்டத்துல பாத்தா, முன் பொசிஷன்ல (மத்தவங்களுக்கு முன்னாடி முடிவெடுக்கற இடம்) இருந்து சாதாரணமா தொடக் கூட மாட்டாத வேற வேற இனத்து கிங்-ஒன்பத ரெய்ஸ் பண்ணியிருப்பீங்க. பெட் ஸ்லைடர பாதியில நிறுத்தாம கடைசி வரைக்கும் இழுப்பீங்க. உங்களுக்கு எது மொதல்ல வருதுன்னு ஒண்ணே ஒண்ண தெரிஞ்சு வச்சுக்கோங்க, அது தான் அலாரம்.

ஸ்டெப் 5: அலாரம் அடிச்சதும் என்ன பண்ணணும்

கேஷ் கேம்னா உடனே சிட் அவுட் (கொஞ்ச நேரம் ஆட்டத்துல இருந்து ஒதுங்கறது) பட்டன். யோசிக்க வேண்டாம், பெரிய பாட் போனாலே சிட் அவுட்னு ஒரு பழக்கமா வச்சுக்கோங்க, கடுப்பு வந்திருக்கா இல்லையான்னு அப்புறம் பாத்துக்கலாம். ஸ்க்ரீன விட்டு எழுந்து நில்லுங்க. நாலு எண்ணி மூச்ச இழுத்து ஆறு எண்ணி விடுங்க, விடறது இழுக்கறத விட நீளமா இருக்கணும், ஒரு பத்து தடவ. இதெல்லாம் சாமியார் வேலைன்னு நினைக்கறவங்க மூஞ்சிய கழுவிட்டு வாங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல, டேபிள விட்டு கண்ணு நகரணும் அவ்ளோ தான்.

"ஆட்டம் மிஸ் ஆயிடுமே"ன்னு தோணும். கணக்கு பாருங்க. எழுந்து போகாம ஒரு ரவுண்டு முழுக்க ஃபோல்டு பண்ணீங்கன்னா கூட கட்டாயப் பந்தயமா ஒரு பிக் பிளைண்ட், அதுல பாதியா ஒரு ஸ்மால் பிளைண்ட், மொத்தம் ஒன்றரை பிக் பிளைண்ட் செலவு. கடுப்புல போற ஸ்டாக் 100 பிக் பிளைண்ட்.

டோர்னமெண்ட்ல எழுந்து போனா பிளைண்டும் ஆன்ட்டியும் (ஒவ்வொரு ஹேண்டுக்கும் போடற கட்டாயப் பணம்) போய்க்கிட்டே இருக்கும், அதனால அங்க வேற வழி: ஒவ்வொரு முடிவுக்கும் டைம் பேங்க் (யோசிக்கக் குடுக்கற கூடுதல் நேரம்) பாதி தீர்ற வரைக்கும் கைய மவுஸ்ல வைக்காதீங்க. அந்த நேரத்துல மூணு கேள்விய வாய விட்டே சொல்லுங்க. அவன்கிட்ட என்னென்ன ஹேண்ட் இருக்கலாம்? கால் பண்ண எவ்ளோ, பாட்ல எவ்ளோ? ஒரு மணி நேரம் முன்னாடி இதே ஹேண்ட்ல நான் என்ன பண்ணியிருப்பேன்? மூணாவது கேள்வி தான் காப்பாத்தும்.

ஸ்டெப் 6: விட்டத புடிக்கற ஆசை

1979ல உளவியல் ஆராய்ச்சியாளர்கள் டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் எழுதின ஆராய்ச்சி ஒண்ணு ரொம்ப பிரபலம். மனுஷன் லாபத்துல இருக்கறப்ப பத்திரமா ஆடுவான், நஷ்டத்துல இருக்கறப்ப அத துடைச்சுப் போட பெரிய ரிஸ்க் எடுப்பான்ங்கறது அதுல ஒரு முக்கியமான விஷயம். ராத்திரி ரெண்டு மணிக்கு "ஈவன் ஆனதும் எழுந்துடறேன்"னு உக்காந்திருக்கறவன் இதோட நேரடி சாட்சி. அவனோட கூட்டாளி தான் "நாலு தடவ தோத்துட்டேன், இப்ப எனக்கு வரணும்"ங்கறவன். 1913 ஆகஸ்ட் 18 அன்னிக்கு மான்டே கார்லோ கேசினோல ரூலெட்ல தொடர்ந்து 26 தடவ கறுப்பே விழுந்துச்சு, ஒவ்வொரு தடவையும் இப்ப சிவப்பு வந்தே ஆகணும்னு கூட்டம் கொட்டிக்கிட்டே இருந்துச்சு, கொட்டினது எல்லாம் போச்சு. சீட்டுக்கட்டும் அதே மாதிரி தான், ஒவ்வொரு தடவ கலைக்கறப்பவும் பழச மறந்துடும்.

பேப்பர்ல எழுதின லிமிட் வந்துடுச்சுன்னா டேபிள் எவ்ளோ நல்லா இருந்தாலும் மூடுங்க. எதிர்ல மோசமா ஆடறவன் உக்காந்திருக்கான்னு காரணம் வரும், இப்போதைக்கு அந்த டேபிள்ல மோசமா ஆடறது நீங்க தான்.

கத்தறத ஸ்டைல்னு நினைக்கறவங்களுக்கு: போக்கர் ஆட்டக்காரர் ஃபில் ஹெல்முத் 1989ல 24 வயசுல வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்ட் ஜெயிச்சவர், அங்க ஜெயிச்சா குடுக்கற பிரேஸ்லெட் 15க்கும் மேல வச்சிருக்கார், தோத்தா டேபிள்ல கத்தறதுக்கும் பேர் போனவர். அவர் கத்தலாம், நாம அந்த பிரேஸ்லெட் வாங்கிட்டு பாத்துக்கலாம்.

ஸ்டெப் 7: மறுநாள் பாருங்க, அன்னிக்கே இல்ல

வயித்தெரிச்சல் குடுத்த ஹேண்ட அப்பவே ஆராயாதீங்க, ஒரு குறி மட்டும் போட்டு வச்சிடுங்க. அடுத்த நாள் ஹேண்ட் ஹிஸ்டரிய தொறந்து ஒரே கேள்வி: ரெண்டு பேர் சீட்டும் திறந்து இருந்திருந்தா அவன் கால் பண்ணணும்னு நான் ஆசைப்பட்டிருப்பேனா? ஏஸ் ஜோடி, கிங் ஜோடி ஹேண்டையே எடுங்க. ஆளுக்கு 100 பிக் பிளைண்ட், பாட் 200. அதுல 82 சதவீதம் உங்க பங்கு, 164. போட்டது 100, அப்போ இந்த ஹேண்ட்ல சராசரியா உங்களுக்கு 64 பிக் பிளைண்ட் லாபம், ரிவர்ல கிங் விழுந்த அன்னிக்கும் சேத்து தான். இத நோட்ல எழுதுங்க. அதே நோட்ல அந்த ஹேண்டுக்கு அப்புறம் ஆடின அடுத்த பத்து ஹேண்டையும் எழுதுங்க, நிஜமா நஷ்டம் எங்க இருக்குன்னு அங்க தான் தெரியும், பெரும்பாலும் யாரும் அத பாக்கறதே இல்ல.

ஸ்டெப் 8: டில்ட்ட தாண்டிப் போயிட்டா

கடன் வாங்கி ஆடறீங்க, எவ்ளோ போச்சுன்னு வீட்டுல மறைக்கறீங்க, ஆடாத நாள்ல எரிச்சலா இருக்குன்னா அதுக்குப் பேர் டில்ட் இல்ல, மேல சொன்ன ஸ்டெப் எதுவும் அதுக்கு மருந்தும் இல்ல. ஒழுங்கான சைட் எல்லாத்துலயும் செல்ஃப் எக்ஸ்க்ளூஷன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், பெரும்பாலும் அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல, இல்லன்னா சப்போர்ட்டுக்கு எழுதி கேக்கணும். அத போட்டா நீங்க சொன்ன காலம் முடியற வரைக்கும் உங்கள உள்ள விட மாட்டாங்க, நடுவுல மனசு மாறினாலும் சரி. மொதல்ல மிச்சம் இருக்கற பணத்த வெளிய எடுத்துடுங்க, அப்புறம் அத ஆன் பண்ணுங்க, வீட்டுல ஒருத்தர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் பேசுங்க.